பாட்டுக்குச் சாதிச் சான்றிதழ்

இசக்கிச்செல்விக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசை மாறாமல், பின்வருமாறு:

ஒன்று. பத்து வயதில், சிஸ்டர் பள்ளிக்கூடத்து வேதப்பாட்டுக்கு நையாண்டி மேளத் தாளம் தட்டினாள் என்று பாட்டுக் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

இரண்டு. கல்யாணத்தன்று மைக்செட்காரரிடம் ஒரு கவ்வாலிப் பாட்டு கேட்டாள். "பொண்ணு தலையக் குனியணும், பாட்டுக் கேக்கப்பிடாது" என்று மணமேடையிலேயே தீர்ப்பானது.

மூன்று. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் இருபத்தாறு வருஷம் ரேடியோப் பெட்டி அவள் பொறுப்பில் இருந்தது. எந்தப் பாட்டுக்குக் கை வேகமாக ஓடும் என்று கண்டுபிடித்தவள் அவள். உற்பத்தி விருதை முதலாளி வாங்கிக்கொண்டார்.

நான்கு. இந்தக் கதை.

நாற்பத்தெட்டு வயதில் மடிக்கணினியும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி இசக்கிச்செல்வி டி.ஜே. ஆனாள். அவளுடையது சாதி கெட்ட காது. வில்லுப்பாட்டுக் குடத்தின் மேல் ஆப்பிரிக்க மேளத்தை ஏற்றி, நடுவில் கரிசல் காட்டுக் கிடையின் ஆட்டு மணியைக் கோத்துவிடுவாள். புதூருக்கு அப்பால் நெடுங்கரிசல் கிராமத்துக் கோயில் திருவிழாவின் மதியக் கொடைக்கு முதல் அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை: 'டி.ஜே. இசக்கிச்செல்வி' என்று அரசாங்கக் காகிதம் வேண்டும். காகிதத்தில் அந்தப் பெயரைத் தவிர அவளும் வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காகிதத்தை வழங்கும் அதிகாரம் ஒலி நல்லிணக்கப் பிரிவுக்கு இருந்தது. கொடைகளில் சாதிப் பாட்டு ஒலிக்கக் கூடாது என்ற உன்னத நோக்கத்துக்காகவே உருவான பிரிவு அது. அங்கே நாற்காலியில் நவநீதகிருஷ்ணன் இருந்தார்.

"பாட்டுப் பட்டியல்ல அஞ்சாவது கட்டத்த ஏம்மா சும்மா விட்டுருக்க?"

"அது என்ன கட்டம் சார்?"

"பாட்டு எந்தச் சமுதாயம்னு."

"சாதிப் பாட்டே போடக்கூடாதுன்னுதான சொல்லுதீங்க?"

"எது எந்தச் சாதின்னு தெரிஞ்சாத்தான எதப் போடக்கூடாதுன்னு சொல்ல முடியும்?"

"இதுக்கெல்லாம் சாதி கெடையாது சார். இது ஆப்பிரிக்கா மேளம்."

"அவிய அங்கன என்ன சமுதாயம்?"

"தெரியாது சார்."

"கேட்டு எழுதி வாங்கிட்டு வா. இந்த ஆட்டு மணி?"

"ஆடு கட்டியிருக்கது சார்."

"ஆடு யாருது?"

இசக்கிச்செல்வி அஞ்சாவது கட்டத்தில் 'சாதி இல்லை' என்று எழுதி நீட்டினாள். சாதி இல்லாத பாட்டென்றால் எல்லாச் சாதியும் கோபித்துக்கொள்ளும் என்று நவநீதகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். பிறகு சுமுகத் தீர்வு காணும் பொருட்டு, நெடுங்கரிசலின் இரு தெருப் பெரியவர்களையும் ஆட்சேபணை தெரிவிக்க அன்புடன் அழைத்தார். அதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அழைத்த பிறகு வெறுங்கையோடு போவது மரியாதையாகுமா?

மேலத்தெருப் பூவனலிங்கம் ஆப்பிரிக்க மேளத்தைக் கண்மூடிக் கேட்டார். "இது எங்க தெரு மேள அடியில்லா! எங்களுக்குப் பாத்தியப்பட்டது."

"எங்க தாத்தா கப்பலேறிப் போனவரு அண்ணாச்சி. அங்கன கொண்டுபோனதே அவருதான்" என்றார் கீழத்தெரு மந்திரமூர்த்தி.

அரை மணி நேரத்தில் ஆட்டு மணிக்கும் இரண்டு வாரிசுகள் கிளம்பினார்கள். உரிமை கோரப்பட்டதால் அவை சாதிப் பாட்டுகள் ஆயின. சாதிப் பாட்டுகள் ஆனதால் தடை செய்யப்பட்டன. மறுப்புக் கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை. 'விண்ணப்பதாரர்' என்று மட்டும் இருந்தது.

கொடையன்று மதியம் விண்ணப்பதாரர் ஸ்பீக்கரை வேப்பமரத்தடியில் இறக்கிப் பாட்டைப் போட்டுவிட்டாள். பாதிப் பாட்டு வரைக்கும் இரு தெருக் கால்களும் ஒன்றாக ஆடின. பிறகுதான் ஆடுவது யார் பாட்டுக்கு என்ற ஞாபகம் வந்தது.

"ஏலே, எங்க மேளத்துக்கு நீ என்னலே ஆடுத?"

ஏட்டையாவோடு வந்து நவநீதகிருஷ்ணன் எல்லாவற்றையும் கைப்பற்றினார். கைப்பற்றியதற்கு மகஜர் எழுதும்போது தொழில் என்ற இடத்தில் ஏட்டையாவின் பேனா நின்றது.

"தீப்பெட்டித் தொழிலாளின்னு போடுங்க" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"அப்படின்னா குத்தம் நிக்காது சார்," என்றாள் இசக்கிச்செல்வி. "ஒங்க சட்டம் டி.ஜே.க்குத்தான. தீப்பெட்டிக்காரிய எப்படிப் பிடிப்பீங்க?"

யோசித்துப் பார்த்ததில் அது நியாயமாகவே பட்டது. டி.ஜே. என்று எழுதினார்கள்.

இரு தெருப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்து இட்டார்கள். ஊர் முழுக்க ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டது அதுவே முதல்முறை. சாட்சிகளுக்கு வாசித்துக் காட்டுவது விதி. கூட்டம் பெரிது, ஏட்டையாவுக்குத் தொண்டைக்கட்டு. ஆகவே கைப்பற்றப்பட்ட ஸ்பீக்கரிலேயே வாசிக்க முடிவானது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் குற்றவாளி.

எல்லாப் படிவத்தையும் போல அதிலும் சமுதாயம் முதலில், அடுத்து தொழில், பெயர் கடைசியில். "சமுதாயம்..." என்று ஏட்டையா தொடங்கினார். சண்டையை மறந்து இரு தெருவும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தன. இதை வாசிக்கும் நீங்களும் கொஞ்சம் சாய்ந்தீர்கள்.

இசக்கிச்செல்வி குமிழை மெல்லத் திருகினாள். அந்தக் கட்டம் முழுக்க ஆட்டு மணி.

மணி ஓய்ந்ததும், சாட்சிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி ஏட்டையா தொழிலையும் பெயரையும் சேர்த்து வாசித்தார்:

"டி.ஜே. இசக்கிச்செல்வி."