சாம்பிள் பார்க்காமல் எவன் எடுப்பான்?

பிள்ளையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் அப்பாக்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பஸ்சில் பக்கத்தில் வந்து உட்காருவார், நீங்கள் ஜன்னலைப் பார்ப்பீர்கள், அவர் மணி கேட்பார், பத்தரை என்பீர்கள், "அப்படின்னா ஜெர்மனியில இப்பத்தேன் விடியுது" என்பார். முடிந்தது. இறங்கும் வரை உங்களுக்கு மீட்சி இல்லை.

இந்த இனத்தில் முதல்தரக் காய் என் அப்பா சுந்தரராஜ். போடியில் ஏலக்காய் வியாபாரி. அவரோடு நான் கடைசியாகச் செய்த வேலை, 1986 ஜூலையில், லீவு முடிந்து ஜெர்மனிக்குக் கிளம்பும் நாள் காலையில், கடைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாம்பிள் பொட்டலத்துக்குக் காய் பொறுக்கியது. வெடித்ததை நான் எடுத்துப் போட்டேன். வெளுத்ததை அவர் எடுத்துப் போட்டார். அதிகம் பேசவில்லை. வேறு ஆள் யாரும் இல்லாததால், என்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வழியில்லை.

ஏலக்காய் வியாபாரத்தில் சாம்பிள் பார்க்காமல் யாரும் மூட்டை எடுக்கமாட்டார்கள். அப்பா இந்தச் சட்டத்தை உலகம் முழுவதற்கும் நீட்டினார். 1978-ல், மதுரையில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ராக்கெட் எஞ்சின் படிக்க வேண்டும் என்று ஏழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் ராக்கெட். கிடைக்காவிட்டால் கம்பத்தில் பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளை. தை வரை கெடு. கெடு வைத்தது அம்மா. தபாலில் நானே சேர்க்கிறேன் என்று உறைகளை வாங்கிக்கொண்டு போன அப்பா, முதல்தரமான எட்டு மில்லிமீட்டர் காயாகப் பார்த்து, உறைக்கு ஒரு பிடி போட்டு ஒட்டி அனுப்பிவிட்டு வந்து சொன்னார்.

"அப்பா, அது மார்க் பார்த்து எடுக்கிற இடம்!"

"மார்க்குங்கிறது பில்லு, தாயி. சாம்பிள் பாக்காம எவன் எடுப்பான்?"

ஐந்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓர் உறை, செடிப்பொருளுக்கு அனுமதியில்லை என்று முத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. ஏழாவது ஜெர்மனி. மார்கழியில் பதில் வந்தது. இடம் உண்டு, உதவித்தொகை உண்டு என்று எழுதிய பேராசிரியர், அனுப்பிய விதைகளைத் தொட்டியில் ஊன்றியதாகவும், தினமும் தண்ணீர் விட்டும் முளைக்கவில்லை என்றும் கடைசி வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார்.

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சூட்டுல காயவச்ச காய ஊனியிருக்கான்! வெரசாப் போ, தாயி. அங்க வெவரமான ஆளு தேவைப்படுது."

அன்றிலிருந்து நானே சாம்பிள்.

படிப்பு முடிந்து அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் செய்வது வால்வு. ராக்கெட்டில் எரிபொருள் குழாயைக் கசியாமல் திறந்து மூடுவது, உள்ளங்கையில் அடங்கும். இது அப்பாவுக்குப் போதுமா? வெள்ளைக் கோட்டில் நான் நிற்கும் படம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் ஏறி, ரேஷன் வரிசையிலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும், முடிவெட்டும் கடையில் கத்திரிக்குக் கீழேயும் வெளியே வந்தது. போடிமெட்டு மலை ஏறும் ஜீப்பில், முதல் வளைவில் வால்வாக இருப்பது ஐந்தாவது வளைவில் எஞ்சினாகும். பத்தாவதில் ராக்கெட்டே என் பொறுப்பில் வந்துவிடும்.

ஜீப்பு ஓட்டும் வீரையா ஒருநாள் கேட்டாராம்: "ஏண்ணே, போன வாரம் வால்வுன்னீக. இப்ப பாப்பாதேன் ராக்கெட்டையே ஓட்டுதா?"

"வால்வு மூடலைன்னா ராக்கெட்டு எங்கிட்டுப் போய் நிக்கும்? ஒஞ்சீப்புக்கு பிரேக்கு மாதிரிடா."

"எஞ்சீப்புல ஏதுண்ணே பிரேக்கு?"

மெட்டு வரும் வரை அப்பா வாய் திறக்கவில்லை. என் பெருமை அடங்கிய ஒரே பயணம் அதுதான்.

அந்த 1986 லீவில்தான் சொன்னேன்: "நீங்களே வந்து பாருங்கப்பா. நான் வால்வைச் சோதிக்கிற இடத்தைக் காட்டுறேன்." அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மறுநாளே பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கிவந்து, தானே நிரப்பினார். பாக்கி ஒன்றுதான். அவருடைய படம். ஸ்டூடியோ நாலு கடை தள்ளி.

"இந்த லோடு போகட்டும், தாயி. எடுத்துர்றேன்."

அந்த லோடு போனது. அடுத்த லோடு வந்தது. நான் பஸ் ஏறும்போதும் அதையே சொன்னார். அக்டோபரில் தந்தி வந்தது. மாரடைப்பு. நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

சுவரில் மாட்டப் படம் தேடினோம். அவர் சட்டைப்பையில் ஒன்று இருந்தது. என்னுடையது. கடைசியில் கல்யாணப் படத்திலிருந்து அம்மாவைத் தனியே வெட்டிவிட்டு மாட்டினோம். அதில் அவர் என்னைவிட இளையவர்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டுதான் வந்தீர்கள். நல்லது. இப்போது உங்கள் பையில் கைவிட்டுப் பாருங்கள். மகனின் மார்க் ஷீட்டா? மகளின் கடிதமா? நேற்று பஸ்சில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் எதற்காக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்? சரி, காட்டுங்கள், உங்களை யார் தடுக்க முடியும்? போகிற வழியில் ஸ்டூடியோ இருந்தால் மட்டும் ஐந்து நிமிஷம் இறங்குங்கள்.

கடை மேசை இழுப்பறையில் அந்த விண்ணப்பம் உறைக்குள் இருந்தது. எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டிருந்தார். படம் ஒட்டும் கட்டம் மட்டும் காலி. உறையைக் கவிழ்த்தேன். ஒரு பிடி ஏலக்காய் கொட்டியது. அளந்து பார்த்தேன், எட்டு மில்லிமீட்டர். வெடித்தது ஒன்றுகூட இல்லை.