சர்க்கார் அங்கீகரித்த தேகம்

திருவனந்தபுரத்துக் குமாஸ்தாக்களுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதைக் கொல்லம் ஆண்டு 1108, சித்திரை வெயில் கொளுத்தும் மேட மாதத்தில் சர்க்கார் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு ஒரு சர்க்குலரும் அனுப்பியது. 'பத்தாம் தேதி முதல் ஏழு நாட்கள் ஆரோக்கிய வாரமாக அனுஷ்டிக்கப்படும். அவ்வாரத்தில் எவருக்கும் நோய் வராத சர்க்கார் கச்சேரிக்கு வெள்ளிக் கோப்பை வழங்கப்படும்.'

கோட்டைக்குள் இருந்த பழைய தஸ்தாவேஜுக் கச்சேரியில் ஹெட் கிளார்க் கல்யாணராமய்யர் கோப்பைக்காக அலமாரியில் ஒரு தட்டையே காலி செய்து வைத்துவிட்டார். பதினோராம் தேதி காலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாணுமாலயன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

"மேலு அனலாட்டு கொதிக்கு. இண்ணைக்குக் கச்சேரிக்குப் போவாண்டாம்" என்றாள் மனைவி பகவதியம்மாள்.

"ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்திட்டு வந்து படுத்துக்கிடுதேன்" என்று சொல்லி, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பிள்ளை புறப்பட்டார்.

அய்யர் விண்ணப்பத்தை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்தார்.

"என்ன ஓய் இது?"

"லீவு, சாமி. காய்ச்சலு."

"ஆரோக்கிய வாரத்திலயா? வருஷத்திலே பாக்கி ஐம்பத்தோரு வாரம் சும்மாத்தானே கிடக்கு?"

"நான் வரச் சொல்லலியே சாமி."

"வந்ததுக்கு உம்மைக் குத்தம் சொல்லலை. அதை எழுதிக் கொடுத்தீர் பாரும், அதுதான் குத்தம். காகிதத்திலே இல்லாத காய்ச்சல் காய்ச்சலே இல்லை. போய் உட்காரும்."

மைக்கூடு கொண்டுவந்த பியூன் வேலப்பன் தற்செயலாகப் பிள்ளையின் கையைத் தொட்டான். "என்ட பகவதியே! இதில தோசை சுடலாமே, பிள்ளே!" என்று அலறினான். அய்யர் முறைத்தார். "நல்ல சூடுள்ள தேகம்" என்று திருத்திக்கொண்டு வேலப்பன் நகர்ந்தான்.

பதினோரு மணிக்கு ஆரோக்கிய நிபுணர் ஸ்ரீகண்டன் பரிசோதனைக்கு வந்தார். ஜெர்மனியில் மூன்று வருஷம் ஆரோக்கியத்தை மட்டுமே படித்தவர். நோய் அவருடைய பாடத்தில் இல்லை. ஆகையால் நோயாளி எப்படி இருப்பான் என்பது அவருக்குத் தெரியாது.

குமாஸ்தாக்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்த நிபுணர், பிள்ளையின் கையைப் பிடித்ததும் நின்றுவிட்டார்.

"இதுவரை பிடித்ததெல்லாம் செத்த மீன். இந்தக் கையில்தான் ரத்தம் ஓடுகிறது! முகத்தில் என்ன சிவப்பு! கண்ணில் என்ன பளபளப்பு!"

"சார், எனக்குக் காய்ச்..."

"அடக்கம், சார்" என்று அய்யர் குறுக்கே விழுந்தார். "தன்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்."

"நடுங்குகிறீர்களே!" என்றார் நிபுணர்.

பிள்ளைக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. "ஆமா சார். காலையில இருந்தே நடுங்குது."

"தசைகள் தாமாகவே தேகப்பயிற்சி செய்கின்றன! பெர்லினில் இதற்கு மின்சாரப் பட்டை கட்டுகிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள்?"

"பொடியரிக் கஞ்சி. ரெண்டு வாய்க்கு மேல இறங்கல்ல."

"மிதமான உணவு! இந்த மப்ளர் எதற்கு?"

"குளிருது சார்."

"மேட மாத வெயிலில் குளிர்கிறது! இந்த உடம்பு வெயிலையே ஜெயித்துவிட்டது!"

அன்று மாலையே தாணுமாலயன் பிள்ளை முன்மாதிரி தேகமாகப் பிரகடனம் செய்யப்பட்டார். தினமும் பதினொன்று முதல் ஒரு மணி வரை மற்றக் கச்சேரிக்காரர்கள் வந்து அவரைப் பார்த்துப் போக ஏற்பாடாயிற்று. லீவு கேட்டு அவர் எழுதிய இரண்டாவது விண்ணப்பம், 'கண்காட்சி நடைபெறும்போது காட்சிப் பொருளை அகற்ற விதியில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பத்திரிகைகள் படம் போட்டன. படத்தில் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்ததை, உழைப்பில் பற்று என்று வர்ணித்தன.

சாலைக் கடைத்தெருவில் இரண்டே நாளில் மப்ளர் தீர்ந்தது. கிடைக்காதவர்கள் குளித்துத் துவட்டுகிற துவர்த்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். பெரிய இடத்துக் கல்யாணப் பந்திகளில் பொடியரிக் கஞ்சி விளம்பினார்கள். சாம்பார் கேட்டவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள். கச்சேரிகளில் காலையில் பத்து நிமிஷம் நடுங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நடுக்கம் வராதவர்களைப் பிடித்து உலுக்கும் பொறுப்பு பியூன்களுக்கு வந்தது. அய்யரை உலுக்கும்போது மட்டும் வேலப்பன் நேரம் பார்ப்பதில்லை.

காய்ச்சலோ, சர்க்கார் அங்கீகாரம் கிடைக்காத வருத்தத்தில், பதினாறாம் தேதி தானாக விலகிக்கொண்டது. மறுநாள் கோப்பை வந்தது. பிள்ளை பழையபடி வயிறாரச் சாப்பிட்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கலானார்.

மாதக் கடைசியில் நிபுணர் மறுபடி வந்தார். பிள்ளையின் கையைத் தொட்டவர் பதறிப்போனார்.

"சூடு எங்கே? நடுக்கம் எங்கே? இன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

"சோறு, அவியல், ரெண்டு பப்படம்..."

"போதும், போதும்! அய்யரே, தேசத்தின் சொத்தை இப்படியா பாழாக்குவது?"

அய்யருக்குக் கோப்பை போய்விடுமோ என்று பயம். உடனே மெமோ எழுதினார். 'முகப்பொலிவும் தேக உஷ்ணமும் குறைந்தமைக்குக் காரணம் கூறுக.'

'குணமாகிவிட்டது' என்று பிள்ளை உண்மையை எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அது பதிவாயிற்று. ஒரு மாதம் கட்டாய நோய் விடுப்பு. முந்தைய நிலைக்கு வந்துவிட்டதாக டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவராவிட்டால் வேலை இல்லை.

"காய்ச்சல்ல கெடந்தப்போ ஒரு நாளு தரல்ல. இப்போ ஒரு மாசமா?" என்றாள் பகவதியம்மாள்.

பிள்ளை வெயிலில் நின்று பார்த்தார். மழையிலும் நனைந்து பார்த்தார். உடம்பு மசியவில்லை. வீட்டுச் சாப்பாடும் பகல் தூக்கமும் சேர்ந்து நிலைமையை இன்னும் மோசமாக்கின, கன்னம்கூட உப்பிவிட்டது. விடுப்பின் கடைசி நாள், மப்ளரைச் சுற்றிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார்.

டாக்டரும் மப்ளர் சுற்றியிருந்தார். பிள்ளைக்கு முந்தின முறைக்காரன் ஒருவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உடம்பு கொதித்தது, பல் கிடுகிடுவென்று அடித்தது. டாக்டர் எழுந்து நின்று அவனுடைய கையைக் குலுக்கி, சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பினார். 'கொடுத்து வைத்தவன்' என்று பிள்ளை பெருமூச்சு விட்டார்.

அவர் முறை வந்தது. டாக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளாக இப்படி?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் சார்."

"பசி?"

"நல்லா எடுக்குது."

"தூக்கம்?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "படுத்தா விடியக்காலந்தான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"கூட யாராவது வந்திருக்கிறார்களா?"