வலது காலுக்கு ஒரு குத்தகை

உரிமைக்காரர் என்ற இனத்தில் ஆயிரம் பேரை நான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். சரி, மூன்று பேர். அவர்களிலும் இரண்டு பேர் தூரத்தில்தான் நின்றார்கள். ஆனால் முள்ளுக்குறிச்சி மிளகு வியாபாரி அர்த்தனாரி ஒருவரே ஆயிரம் பேருக்குச் சமம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? பந்தை ஒருநாளும் உதைத்திருக்க மாட்டார். ஆனால் கூலி கொடுத்து ஒரு கால்பந்து அணி வைத்திருப்பார், ஆட்டக்காரன் கோல் போட்டு, கலெக்டர் துரை மாலையோடு வந்தால் தன் கழுத்தை நீட்டுவார், தோற்றால் அவன் பெயரே ஞாபகம் வராது, எவனாவது "நல்லா ஆடறானுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், மார்பைத் தட்டி, "நான் பழக்கின காலுங்க!" என்பார். பழக்குவதற்கு அது என்ன, வண்டிமாடா?

மாடுதான். ராசிபுரத்து அணிக்காரர் மருதாசலம் ஆள் மாற்றிக்கொள்ள வந்தபோது, இருவரும் மாட்டுச் சந்தையில் பேசுவதுபோலத் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசினார்கள். பேரத்துக்கு உரிய ஆட்டக்காரன், மலைமேல் ஆலத்தூர் நாட்டுச் சென்றாயன், பக்கத்திலேயே நின்றான். அவனுக்கு ஈடு ஒரு கோல்கீப்பரா, அரை கோல்கீப்பரா என்பது துண்டுக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க, சேலத்து மில்லுல வேலையும் குடுத்து ஆடவும் கூப்பிடறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள உங்க விடுதலைச் சீட்டு வேணுமாமுங்க."

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத சாமி. உன்னையப் பத்தித்தான் பேசறோம்."

"அப்ப நான் போகவே முடியாதுங்களா?"

"பத்திரம் எங்கிட்ட இருக்குது கண்ணு."

மறுநாள் சென்றாயன், படித்துச் சொல்லும்படி அந்தப் பத்திரத்தின் நகலை என்னிடம் நீட்டினான். படித்தேன். வக்கீலுக்குச் செலவழிக்க மனமில்லாத அர்த்தனாரி, மலைக்காரர்களிடம் மிளகுக்கொடி குத்தகைக்கு எடுக்கும் பத்திரத்தையே பார்த்து எழுதி, கொடி வந்த இடத்திலெல்லாம் வலது காலைப் போட்டிருந்தார். மேற்படி வலது காலின் மகசூல் முழுதும் அர்த்தனாரிக்கு. மாசியில் பறிப்பு முடிந்ததும் மேற்படி கால் உடையவன் வசமே திரும்ப வேண்டியது.

அன்றைக்குப் பங்குனி பிறந்து ஐந்து நாள்.

"எடது காலுங்க?" என்றான் கவலையோடு.

"அத யாரும் குத்தகைக்கே எடுக்கலையே கண்ணு!"

அந்த நகலையே விடுதலைச் சீட்டாக மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு கால்களோடும் சேலம் போய்விட்டான். அர்த்தனாரி சளைத்தாரா? "சேலத்துல ஆடறது நான் பழக்கின காலாக்கும்!"

சிரிக்காதீர்கள். உங்கள் கடைக் கணக்குப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் மட்டும் இந்த இனம் கிடையாது.

இதை எழுதி உரக்க வாசித்தேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவி ராமாயி எட்டிப் பார்த்தாள்.

"மக ஊட்டுக்குப் போறேன்னு தை மாசத்துல இருந்து கேக்கறேனுங்க. 'இது நான் பழக்கின கை, விடமாட்டேன்'னு சொன்னது ஆருங்க?"