குட்டிக் கொக்குக்கு ஒரு இரங்கல் கூட்டம்

"குட்டி எங்க?" என்று கேட்டான் ரஸ்டி மெக்னல்.

மூடிப்போன இரும்பாலையின் வேலியோரம். நல்ல மத்தியானம். பனி முட்டிவரை கிடந்தது. ரஸ்டியின் தோளில் திருட்டுச் செப்புக் குழாய். அவன் காலரைப் பிடித்தபடி இரும்புக் கொக்கு நின்றிருந்தது. வழக்கப்படி இந்நேரம் ரஸ்டி குழாயைப் போட்டுவிட்டு நடுங்கியிருக்க வேண்டும். அவனோ கொக்கின் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான்.

"எந்தக் குட்டி?" என்றது கொக்கு, அடித்தொண்டையில்.

"குட்டிக் கொக்கு, பாஸ். நீங்க காலரைப் பிடிப்பீங்க, அவன் கயிறு எடுத்துட்டு வருவான். கயிறு எங்க?"

முகமூடிக்குள் மில்டன் ரூஸ்காவுக்கு வியர்த்தது. கயிறு கொண்டுவருவது குட்டிக் கொக்கின் வேலை. இருபது வருஷமாகக் குட்டிக் கொக்காக இருந்தவன் அவன்தான். பெரியவன் ஆன அவசரத்தில் கயிற்றை மறந்துவிட்டான்.

நடந்தது இதுதான். உண்மையான இரும்புக் கொக்கு, அதாவது ஹார்லன் பீச்சம் என்ற அறுபத்தேழு வயதுக்காரர், இரண்டு முட்டியும் போய் ஃப்ளோரிடாவில் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். போகும்போது அலகு வைத்த முகமூடியையும் சாம்பல் நிற மேலங்கியையும் மில்டன் மடியில் போட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"ஆள் மாறினது யாருக்கும் தெரியக் கூடாது. கொக்குக்கு வயசே ஆகாதுன்னு இந்த ஊர் நம்புது. பாதி வேலையை அந்த நம்பிக்கைதான் பார்க்குது. தெரிஞ்சுதுன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கும்பல் மறுநாளே உள்ள வந்துடும்."

"என்னை நம்புவாங்களா?"

"அதை நீதான் பார்த்துக்கணும்" என்றார் ஹார்லன். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

மில்டன் பகலில் செருப்புக் கடையில் வேலை செய்பவன். உயரத்துக்குக் காலணியில் கட்டை வைத்துக்கொண்டான். அகலத்துக்குத் தோளில் செருப்புப் பெட்டித் தாள்களைச் சுருட்டித் திணித்துக்கொண்டான். கிளீவ்லாந்தில் வாராவாரம் விற்கும் படக்கதைப் புத்தகத்தில் இரும்புக் கொக்குக்குச் செங்கல் மாதிரி ஒரு தாடை உண்டு. அதற்கு மட்டும் வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"குட்டிக்குக் காய்ச்சல்" என்றான் இப்போது, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அடப்பாவமே" என்றான் ரஸ்டி. குழாயை அவனே கீழே வைத்தான். "நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க பாஸ்." அப்புறம் அவனே போலீஸ் நிலையம் இருந்த பக்கமாக நடந்தான். மில்டன் கட்டைக் காலணியில் பின்னால் தள்ளாடிப் போனான். தோள் மொரமொரவென்றது.

காய்ச்சல் செய்தி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. மறுநாள் தேவாலயத்தின் பின்படிக்கட்டில் சூப்புப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன.

அந்தப் படிக்கட்டு பழைய ஏற்பாடு. தேவாலயச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் வால்சாக் தினமும் அங்கே இரண்டு பொட்டலம் வைப்பாள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. பெரியவருக்கு வெள்ளரி ஊறுகாயோடு, குட்டிக்கு ஊறுகாய் இல்லாமல். அந்த வாடை குட்டிக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும்.

"எத்தனை டிகிரி காய்ச்சல்?" என்றாள் மிஸஸ் வால்சாக், இடுப்பில் கை வைத்து.

"அதிகம்."

"அதிகம்னா? இருமுறானா? எங்க படுத்திருக்கான்? நான் வந்து நெஞ்சுல தைலம் தேய்க்கறேன்."

"ரகசிய இடம், மிஸஸ் வால்சாக்."

"தைலத்துக்கு என்ன ரகசியம்? சரி, நீங்க முதல்ல சாப்பிடுங்க சார். நீங்க சாப்பிடறதை நின்னு பார்த்து ரொம்ப நாளாச்சு."

ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். மில்டன் கடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்கா?"

"வழக்கம் போல" என்றான் மில்டன், விழுங்க முடியாமல்.

காய்ச்சல் ஒரு மாதம் நீடிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி ஊர் நச்சரித்தது. ஆகவே குட்டிக்குக் குணமாகிவிட்டது, வெளியூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்று அறிவித்தான் மில்டன்.

"கல்லூரியா?" என்றார் பாதர் யானிக். "அவனுக்கு நாற்பது வயசு இருக்குமே?"

"முப்பத்தெட்டு" என்றான் மில்டன் ரோஷத்தோடு. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"என்ன படிக்கறான்?"

"கயிறு" என்று வாயில் வந்துவிட்டது. "கயிறு சம்பந்தமா. பொறியியல்."

பாதர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தெரு கேட்டது. அடுத்த வாரமே பேச்சு வேறு மாதிரி திரும்பியது. படிப்பும் இல்லை ஒன்றும் இல்லை, பெரிய கொக்கு குட்டியை அடித்துத் துரத்திவிட்டதாம். புகழைப் பங்கு போட மனசில்லையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மில்டன் மேல் பனி உருண்டை எறிந்தார்கள். ஒன்று சரியாக அலகில் பட்டது. படக்கதைப் புத்தகத்தை வாங்க ஆளில்லாமல் கடைக்காரர் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

ரஸ்டியைப் பிடிக்கப் போனால் அவன் ஓடவே மாட்டேன் என்றான்.

"உங்ககிட்ட பிடிபட எனக்கு இஷ்டம் இல்லை பாஸ். குட்டியைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அன்று மில்டன் ஆற்றைப் பார்த்தான். அக்கரையில் சரக்குக் கிடங்கு வாசலில் நாலைந்து பேர் சிகரெட் பிடித்தபடி இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கொக்கை நம்பாவிட்டால் அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்? ஹார்லன் முப்பது வருஷம் கட்டிக் காத்ததை இவன் ஒரே குளிர்காலத்தில் கோட்டை விடப்போகிறான்.

இதில் ஒரு விஷயம் அவனை உள்ளூர அரித்தது. ஊர் தேடுவது குட்டியை. அந்தக் குட்டி இவன்தான். இருபது வருஷம் கூடவே ஓடியபோது ஒருவர்கூட இவனை இந்தத் தேடு தேடியதில்லை. இவனும் அந்தத் தோளுக்குப் பின்னால் நின்று, ஒரு நாளாவது முன்னால் நிற்க மாட்டோமா என்று ஏங்கியவன். இப்போது முன்னால் நிற்கிறான். எல்லாரும் பின்னால் பார்க்கிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கோவில் கூரையில நிப்போம்" என்று ரஸ்டியிடம் சொன்னான். "ஊர்ல எல்லாரையும் வரச்சொல்லு."

திட்டம் சுலபமானது. குட்டிக் கொக்கின் மஞ்சள் உடுப்புக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்தான். தலைக்கு ஒரு துடைப்பக் கட்டை. புகைபோக்கிமேல் சாய்த்து நிறுத்தி, கையில் நூல் கட்டினான். நூலை இழுத்தால் குட்டி கையாட்டும். கீழேயிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை கீழே கூட்டம் நெரிந்தது. மில்டன் கூரையில் எழுந்து நின்று மார்பை விரித்தான். நூலை இழுத்தான். குட்டி கையாட்டியது. கீழே விசில் பறந்தது.

"குட்டி! கொஞ்சம் இளைச்சுட்டியேடா!" என்று கத்தினான் ரஸ்டி.

மில்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு முறை இழுத்தான். அப்போது பார்த்து ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கிளீவ்லாந்து காற்றுக்கு நேரம் காலம் தெரியாது. குட்டியைத் தூக்கியது, கூரைச் சரிவில் உருட்டியது, ஓரத்தில் ஒருமுறை எகிறவிட்டது. எல்லார் கண் முன்னாலும் குட்டிக் கொக்கு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த ஆற்றில் தலைகீழாக விழுந்து, பனிக்கட்டி இடுக்கில் மறைந்தது.

உள்ளே திணித்த செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் ஒன்று மட்டும் ஆடி ஆடி இறங்கி பாதர் யானிக்கின் காலடியில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்தார், நாலாக மடித்து அங்கிப் பையில் வைத்தார், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலில் தொப்பியைக் கழற்றியவன் ரஸ்டி.

அன்று சாயங்காலம் மில்டன் ஃப்ளோரிடாவுக்குப் போன் போட்டான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

"சனிக்கிழமை எனக்கு இரங்கல் கூட்டம் வெச்சிருக்காங்க. நானே போய் நிக்கணுமாம், எனக்காக. என்னால முடியாது ஹார்லன். உண்மையைச் சொல்லிடப் போறேன்."

மறுமுனையில் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

"கைக்குட்டை எடுத்துட்டுப் போ" என்றார் ஹார்லன். "அலகுக்குள்ள மூக்கு ஒழுகினா துடைக்கறது ரொம்பக் கஷ்டம்."

போனை வைத்துவிட்டார்.

தேவாலயக் கூடத்தில் உட்கார இடமில்லை. பின்சுவரில் மேசை போட்டு மிஸஸ் வால்சாக் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் அடுக்கியிருந்தாள். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் பழைய பித்தளைப் பலகை. மில்டனுக்கு முன்னால் இருந்த முதல் குட்டிக் கொக்கின் நினைவாக வைத்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஆற்றில் விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. அவனைப் பற்றிக் கேட்டால் ஹார்லன் எழுந்து போய்விடுவார். அந்தச் செத்த பையன் அளவுக்குத் தான் வரவே முடியாது என்று மில்டன் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். இன்று பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதற்குள் எப்படிச் செய்தார்களோ, பளபளவென்று இருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். குட்டி வேலியில் மாட்டிக்கொண்டு அரை நாள் தொங்கிய கதையைச் சொன்னார்கள். சிரித்தார்கள். பனியில் வழுக்கி விழுந்த கிழவரை அவன் முதுகில் சுமந்து வீடு சேர்த்த கதையைச் சொன்னார்கள். சிரிப்பு நின்றது.

ரஸ்டி எழுந்தான். கடன் வாங்கிய கோட்டு. "என்னை எத்தனையோ தடவை கட்டியிருக்கான். ஒரு தடவைகூட இறுக்கிக் கட்டினதில்லை. 'வலிக்குதா'ன்னு கேப்பான். திருடன்கிட்ட யாருங்க அப்படிக் கேக்கறாங்க?" மூக்கைச் சிந்தினான். "என் பொண்டாட்டி கேட்டதில்லை."

மில்டன் அலகுக்குள் அழுதான். கைக்குட்டை அலகுக்குள் போகவில்லை. பெரியவர் சொன்னது சரி.

அவன் முறை வந்தது. மேடையேறினான். எதிரே அத்தனை முகம். இவர்களிடம் பொய் சொல்வது மகா கேவலம் என்று தோன்றியது.

"ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றான். தாடை இறுகவில்லை, சொந்தக் குரல் வந்துவிட்டது. "குட்டிக் கொக்கு சாகலை."

தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அவன் இங்கயேதான்..."

"நம்ம மனசுல இருக்கான்!" என்று பாதர் யானிக் எழுந்து கையைத் தூக்கினார். "ஆமென்!"

"ஆமென்!" என்றது கூடம், ஜன்னல் அதிர.

"இல்லை பாதர், நான் சொல்ல வந்தது..."

"ஆமென்!" என்றார் பாதர் இன்னும் உரக்க. கூடம் அவரைவிட உரக்கச் சொன்னது.

மில்டன் வாயை மூடினான். மறுபடி திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"அவன் கயிறு பிடிச்ச மாதிரி எனக்குப் பிடிக்க வராது. ஆனா இனிமே கயிறை மறக்க மாட்டேன். 'வலிக்குதா'ன்னும் கேப்பேன்."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் எழுந்து தட்டினார்கள். ரஸ்டி நாற்காலிமேல் ஏறி, "நாளைக்கு மத்தியானம் இரும்பாலை வேலிகிட்ட இருப்பேன் பாஸ்! நீங்க வரணும்!" என்று கத்தினான். பின்வாசலில் அக்கரை ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எழுந்து நின்ற அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்கள், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார்கள்.

மில்டன் கீழே இறங்கினான். கண்ணீரில் நனைந்து வலது தோளின் தாள் சரிந்து மார்புக்கு வந்திருந்தது. அவனால் குனிந்து சரி செய்ய முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து, தாளை மேலே தள்ளித் தோளில் சரியாக உட்காரவைத்து, இரண்டு தட்டுத் தட்டியது.

திரும்பினான். மிஸஸ் வால்சாக், கையில் ஒரு தட்டோடு. ரொட்டியை அவன் முகத்துக்கு நேராகப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஊறுகாய் இல்லை.

மில்டன் ரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

அவள் முதல் குட்டிக் கொக்கின் அந்தப் பழைய பித்தளைப் பலகையை மோவாயால் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சாப்பிடு கண்ணு. ஆமா, இவருக்கு ஃப்ளோரிடாவுல முட்டிவலி கொஞ்சம் தேவலையாமா?"