சன்னலோர இருக்கையில் நான் செய்த தப்பு

கங்கேமி, நைரோபி
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை மினாயோவுக்கு,

அண்ணன் ஜோத்தாம் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் சபையாரும் கன்று ஈன்ற பசுவும் சுகமாயிருக்கக் கர்த்தர் அருளட்டும். வாழைத்தார் வந்து சேர்ந்தது. அதோடு நீ கேட்டனுப்பிய கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

உன் மகள் ஜென்ட்ரிக்ஸும் மாப்பிள்ளை கிசிலுவும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடியில் உதாவாலாவுக்கு ஏன் போனார்கள் என்று கேட்டிருக்கிறாய். அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னாளாமே. காற்று எல்லா இடத்திலும் ஒன்றுதான். காரணம் உன் அண்ணன்.

மாப்பிள்ளை ஓட்டுவது பதினான்கு பேர் உட்காரும் மட்டாட்டு வேன். அது நிரம்பாமல் கிளம்பாது. வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் கை தூக்க யாருக்கும் மனம் வராது, ஒருவன் தூக்கிவிட்டால் பத்துக் கை எழும். வேனும் அப்படித்தான். காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள், பாதி நிறைந்த வண்டிக்கு ஓடி வருவார்கள். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கவே சிலரை வைத்திருப்பார்கள். நிஜப் பயணிகள் சேரச்சேர இவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அடுத்த வண்டிக்குப் போவார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிசிலு வந்து, "மாமா, உங்க கோட்டும் பேப்பரும் போதும். சன்னல் பக்கம் நீங்க உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல வண்டி ஃபுல்லு" என்றான். முப்பத்தாறு வருடம் பூகோளம் நடத்தியவன் எங்கும் போகாத பயணியானேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கணக்கெடுப்பு வந்தது. ஏதோ வெளிநாட்டு வங்கி கடன் கொடுக்கிறதாம், பெரிய மின்சார பஸ் வரப்போகிறதாம், எங்கே கூட்டம் அதிகமோ அங்கே நிறுத்தமாம். பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி கையில் டேப்லெட்டோடு என் சன்னலுக்கு வந்து, "எங்க போறீங்க சார்?" என்றாள். எங்கும் போகவில்லை என்பதுதான் பதில். ஆனால் பின்னால் இரண்டு பெண்கள் அப்போதுதான் ஏறியிருந்தார்கள், கிசிலு வேறு முன் கண்ணாடியில் என்னையே பார்த்தான். "வெஸ்ட்லண்ட்ஸ்" என்றேன். அடுத்த வண்டியிலும் அவளே வந்தாள், "கரேன்" என்றேன். அதற்கடுத்து லிமுரு, திக்கா, நிகோங். பூகோள வாத்தியார் ஒரே பதிலை இரண்டு முறை சொல்வானா? "இந்த வயசுலயும் எவ்வளவு சுத்துறீங்க சார்!" என்று அந்தப் பெண் வியந்து எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள். என்னோடு சும்மா உட்காருகிறவர்களும், "வாத்தியார் போற ஊருக்குத்தாம்மா நாங்களும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இப்படியே ஒரு மாதம்.

முடிவு பத்திரிகையில் வந்தது. கங்கேமி நிறுத்தத்துக்குத்தான் முதலிடம். தெருவைத் தோண்டினார்கள், வேன்கள் நின்ற இடத்திலேயே கண்ணாடிக் கூரை போட்டார்கள், வேன்களைத் துரத்திவிட்டார்கள். உதாவாலாவில் கிசிலு இப்போது வரிசையில் கடைசி ஆள். அவன் வண்டி நிரம்ப மத்தியானம் ஆகிறதாம்.

சரி, பஸ்ஸாவது ஓடுகிறதா? ஓடுகிறது, காலியாக. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணியடித்த மாதிரி கிளம்பிவிடுகிறது. இளசுகள் செல்போனைத் தட்டினால் மோட்டார் சைக்கிள் வாசலுக்கே வருகிறது, அவர்களுக்கு பஸ் எதற்கு? மற்றவர்களைப் பற்றிக் கீரை விற்கும் ரோஸ்லிடாவிடம் கேட்டேன். "காலி வண்டில ஏற நான் என்ன பைத்தியமா வாத்தியாரே? அதுல என்னமோ கோளாறு இருக்கு, அதான் ஒருத்தரும் ஏறல" என்றாள்.

சாமான் ஏற்றிய அன்று ஜென்ட்ரிக்ஸ் என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த மாமா. 'நான் பயணி இல்லம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க இங்கயே இருந்திருப்போம்ல?" என்றாள். கிசிலுவோ என் சன்னலோர இருக்கையில் பாத்திரக் கூடையை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கு அது வரவில்லை பார். இனி நான் போகாத வண்டியில் உட்காருவதில்லை என்று வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். நீயும் அவர்களுக்கு என் சார்பில் இரண்டு வரி எழுது.

உன் மக்காச்சோளத்துக்கு நல்ல மழை கிடைக்கட்டும், பால் குறையாதிருக்கட்டும். எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்,
ஜோத்தாம் அமுகுனே

பி.கு.: உறையை ஒட்டும்போது பஸ் கம்பெனி மேலாளர் வந்தார். வியாழக்கிழமை வங்கிக்காரர்கள் வந்து பஸ்ஸில் ஏறிப் பார்க்கிறார்களாம், காலியாக இருந்தால் கடன் நின்றுவிடுமாம். "உங்கள மாதிரி முப்பது பேரக் கூட்டிட்டு வந்து சும்மா உக்காந்தாப் போதும் சார். எங்க போறீங்கன்னு மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேப்பாங்க" என்றார். சம்மதித்துவிட்டேன். முப்பது பேருக்கும் பதில் சொல்லிக்கொடுத்தாயிற்று, எல்லாருக்கும் ஒரே பதில்தான், ஜென்ட்ரிக்ஸ் கேட்ட அந்த ஒரு வார்த்தை. கிசிலுவிடம் உதாவாலாவில் இனி எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்.