ஏணியும் ஒன்றரை அடியும்

விழுப்புரம் மாவட்டத்திலேயே, இலவசமாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஒரே ஜீவன் எங்கள் ஏணிதான்.

ஏணி என்பது ஆளின் பெயர். அதாவது, நாங்கள் வைத்த பெயர். ஆறடி நாலங்குலம். தொழில், ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவது. கல்யாணமோ, காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, மற்றவர்கள் ஏணி போட்டு ஏறிக் கட்டுகிற முடிச்சை இவர் தரையில் நின்று பீடியை வாயில் வைத்தபடியே கட்டிவிடுவார். எங்கள் பாஸ்கெட்பால் டீமில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கேப்டன் மருந்துக்கடைக்காரர், ஆகவே மெடிக்கல். எனக்கு ஜெராக்ஸ் கடை, ஆகவே ஜெராக்ஸ். என் உயரம் ஐந்தடி நாலங்குலம். யாரையோ சின்ன சைஸில் எடுத்த நகல் நான் என்று ஊரில் பேச்சு. அந்த ஒரிஜினல் யாரென்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ஒரு சிமெண்டு கோர்ட். தினமும் சாயங்காலம் அங்கே ஆட்டம். ஏணி வளையத்தடியில் நின்றுவிட்டால் போதும். பந்தை மேலே வீசுவோம். பரணில் பானை வைப்பதுபோல உள்ளே வைத்துவிட்டு வருவார். அவரை நிறுத்த ஒரே வழி, கையில் அடிப்பது. அடித்தால் நடுவர் விசில் ஊதுவார். ஏணியைப் பதினைந்து அடி தள்ளி ஒரு கோட்டில் நிறுத்துவார்கள். ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள், கையைத் தட்டமாட்டார்கள். நிதானமாக ரெண்டு தடவை எறியலாம். விழுந்தால் தலா ஒரு பாயிண்ட். இதுதான் ஃப்ரீ த்ரோ. சும்மா கிடைக்கிற சோறு.

இந்தச் சோற்றைத்தான் ஏணியால் வாயில் வைக்க முடியாது. கோட்டில் நிற்பார், சிலுவை போட்டுக்கொள்வார், "மாதாவே" என்பார், எறிவார். பந்து போர்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, டீக்கடைக்குப் போகும். ஏணி கோட்டுக்கு நடந்து வருவதைப் பார்த்ததுமே டீ மாஸ்டர் பால் பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

"இன்னாண்ணா, கொஞ்சம் பழகக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எதுக்குப்பா? எட்றவன் வைக்கணும், எட்டாதவன் எறியணும். பரண்மேல இருக்கற பானையில நீ அரிசிய எறிஞ்சா போடுவ?"

மெடிக்கல் வேறு கட்சி. "லாரி எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்ல பிரேக்கு வேணும்யா! நெட்டையா இருக்கறவன்தான் இத மொதல்ல பழகணும். ஒன்னத்தான அட்ச்சிக்கினே இருக்கானுங்க?"

நெட்டைகள் ஃப்ரீ த்ரோ பழக வேண்டுமா, வேண்டாமா? எங்கள் கோர்ட்டில் இந்த வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. எனக்கு யார் டீ வாங்கித் தருகிறாரோ அவர் பக்கம் நியாயம் இருந்தது. இத்தனைக்கும் நான் பத்துக்கு ஒன்பது போடுவேன். ஆனால் என்னை யாரும் அடித்ததே இல்லை. பந்து என் கையில் இருக்கும்போதுதான் எதிர் டீமுக்காரன் வியர்வை துடைத்துக்கொள்வான்.

திண்டிவனம் டீமோடு வருஷத்துக்கு ஒரு மேட்ச். ஒரு வருஷம் அவர்கள் எங்கள் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏணியப் புடிங்கடா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். கடைசி ஐந்து நிமிஷம் ஆளாளுக்கு வந்து கட்டிக்கொண்டார்கள். அவர் கல்யாணத்தில்கூட அவரை அத்தனை பேர் கட்டிப்பிடித்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு ஃப்ரீ த்ரோ. உள்ளே போனது பூஜ்யம். ரெண்டு பாயிண்டில் தோற்றோம்.

பஸ்ஸில் மெடிக்கல் தீர்ப்புச் சொன்னார். "வர்ற வருஷமும் இதே கதைன்னா, கடைசி அஞ்சு நிமிஷம் நீ வெளிய உக்காரு. அதுக்கப்புறம் வேற ஆள வச்சிக்கறேன்."

ஏணி சிரித்தார். கழுத்தை மடித்து, பஸ் கூரையில் தலை முட்டாமல் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் தூங்கின பிறகு என் பக்கம் குனிந்தார்.

"வூட்ல நெலப்படி இடிக்குது. பஸ்ல கூர இடிக்குது. சட்ட தைக்கறவன் துணி பத்தலைன்றான். இந்த ஒயரம் ஒரே ஒரு எடத்துலதான் ஒதவுது ஜெராக்ஸு. அங்கயும் வாணான்றாரே?"

நான் தள்ளி உட்கார்ந்து அவருக்குப் பாதி சீட்டைக் கொடுத்தேன்.

அடுத்த மேட்சுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஏணி கோர்ட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "சர்ச்சுல பூசை முட்ச்சிட்டேன். ஜல்தி வா. ஒன்னு காட்டணும்."

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அவர் ஊர். பஸ்ஸை விட்டிறங்கிப் போனால், வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை என்கிற நிலக்கடலை காயப்போடுகிற இடத்தில் ஒரு கம்பம் நட்டு வளையம் மாட்டியிருந்தார். போர்டு பலகைமேல் பழைய கல்யாண ஃபிளெக்ஸ். பந்தல் தோரணத்துக்குக் கீழே பொண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள நெத்தியில பட்டா உள்ள. பாரு."

சிலுவை. மாதாவே. எறிந்தார். நெற்றியில் பட்டு உள்ளே. இன்னொன்று, உள்ளே. இருபதுக்குப் பதினெட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தெடுக்க வளையத்தடிக்கு ஓடினவன், சந்தோஷத்தில் ஓர் எகிறு எகிறினேன். கையில் என்னவோ பட்டது. வலை!

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வலையைத் தொட்டேன். நாற்பது வயதுக்குமேல் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு எகிறு வரும் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் குடிக்கிற கேப்பைக் கூழ்தான் காரணம் என்று முடிவும் கட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மேட்சில் எல்லார் முன்னாலும் எகிறி அசத்துவதாகத் திட்டம்.

திண்டிவனத்தில் மேட்ச். ஆட்டம் தொடங்கியதுமே ஏணியைக் கட்டிக்கொண்டார்கள். அவர் கல்யாணப் பொண்ணு மாதிரி சிரித்தபடி கோட்டுக்கு நடந்தார். சிலுவை. மாதாவே.

பந்து வளையத்துக்குக் கீழே, வலையின் அடியைத் தடவிக்கொண்டு போயிற்று. அடுத்ததும் அப்படியே. பாதி ஆட்டத்துக்குள் எட்டு எறிந்தார், எட்டும் ஒரே மாதிரி குறைந்து விழுந்தது. "யோவ் ஏணி, நல்லா நிமிந்து நில்லுயா!" என்று கூட்டத்தில் கத்தினார்கள். மெடிக்கல் அவரைப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இடைவேளையில் என் திட்டம் ஞாபகம் வந்தது. சூழ்நிலையைக் கலகலப்பாக்கலாம் என்று வளையத்தடிக்குப் போய் எகிறினேன். வலை எங்கேயோ இருந்தது. மறுபடியும் எகிறினேன். ஒரு முழம் பாக்கி. நேராக ஏணியிடம் ஓடினேன்.

"அண்ணா, நீ நட்ட கம்பம் எத்தினி அடி?"

"பத்து. ரூல்படி. டேப்பு புட்சி அளந்தேன்."

"நட்டப்பறமா அளந்த?"

"படுக்க வச்சிதான் அளந்தேன். பேனர் கம்பத்த அப்பிடித்தான அளப்போம்?"

"மண்ணுக்குள்ள எவ்ளோ போச்சி?"

"ஒன்றர அடி. காத்துக்குச் சாயக் கூடாதில்ல..." மூன்று மாதமாக எட்டரை அடி வளையத்தில் பழகியிருக்கிறார்.

"மாதாவ வேண்டிக்கினுதானப்பா போட்டேன்" என்றார் பரிதாபமாக.

"மாதா இன்னாய்யா பண்ணுவாங்க? கம்பத்த நட்டது நீ!" என்று கத்தினார் மெடிக்கல்.

"மெடிக்கலு, தப்பு என்னுது" என்றேன். வலையைத் தொட்ட கதையைச் சொன்னேன். "என்னால வலையத் தொட முடிஞ்சப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். கடைசி அஞ்சு நிமிஷம் அவரு இருக்கட்டும். வேணும்னா என்ன வெளிய எடு."

"ஒன்ன எடுக்கறதுன்னு காலையிலயே முடிவு பண்ணிட்டேன்" என்றார். ஆனால் ஏணியை வைத்துக்கொண்டார்.

கடைசி சில நொடிகள். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். மறுபடியும் ஏணியைக் கட்டிப்பிடித்தார்கள், மறுபடியும் விசில். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினேன். "அண்ணா! மாப்ள நெத்தி இல்ல! அதுக்கு மேல பந்தல் தோரணம்! தோரணத்துக்குப் போடு!"

சிலுவை. மாதாவே. எறிந்தார். பந்து போய்க்கொண்டே இருந்தது. பிறகு வலை ஒரு தடவை ஆடியது. உள்ளே!

ரெண்டாவது, வளையத்தின்மேல் உட்கார்ந்து யோசித்து, வெளியே விழுந்தது. சமநிலை. கூடுதல் ஐந்து நிமிஷம் ஆடி, மூன்று பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் ஏணி கழுத்தை மடித்துக்கொண்டு, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "ஒன்னு உள்ள போச்சிங்க" என்றார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "வர்ற வருஷம் ரெண்டாப் போடு" என்றார் மெடிக்கல், ஜன்னலைப் பார்த்தபடி. ஏணி கூரையில் தலையை இடித்துக்கொண்டார். முதல் தடவையாக வலிக்காத மாதிரி தெரிந்தது.

ஆக, நெட்டைகள் ஃப்ரீ த்ரோ பழகத்தான் வேண்டும். நட்ட பிறகு அளக்கவும் வேண்டும்.

அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போனேன். புதுக் கம்பம் நின்றது, மண்ணுக்குமேல் சரியாகப் பத்தடி. பக்கத்தில் பழைய கம்பமும் அப்படியே இருந்தது, சிரிக்கிற மாப்பிள்ளையோடு.

"இத ஏன்ணா புடுங்கல?"

"அது உனுது. அன்னிக்கி வலையத் தொட்டுட்டு அந்தாண்ட திரும்பிக்கினு சிரிச்சியே, பாத்தேன்" என்றார்.

இப்போதும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்த வலையைத் தொட்டுவிட்டு வருகிறேன். நான் எகிறும்போது மட்டும் ஏணி குனிந்து மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.