வட்டப் பாதையில் மைக்கம்மா

அம்புக்குறி வானத்தைக் காட்டியது.

மைக்கம்மா வழிகாட்டிப் பலகையின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆணி கழன்ற அந்த அம்புக்குறியைக் கையால் தள்ளிவிட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றித் தரையைக் காட்டி நின்றது.

"ரொம்ப நல்லது," என்றாள். "மேல போகச் சொல்லு, இல்லேன்னா கீழ போகச் சொல்லு. வீட்டுக்கு மட்டும் வழி சொல்லிடாதே."

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஊருக்கே வழி சொன்ன குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி போன மாதம் தவறான நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, போலீஸ் ஜீப்பில் வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கே மகன் அவள் வீட்டுச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே நீ தனியா இருக்க வேண்டாம்மா. எங்களோட வந்துடு. உனக்கு வழி மறந்து போகுது."

"பஸ்ல கொஞ்சம் கண்ணசந்துட்டேன்டா. அதுக்கு ஆயுள் தண்டனையா?"

வாக்குவாதம் வளர்ந்து பந்தயத்தில் போய் முடிந்தது. ஊருக்கு வெளியே ஒரு நடைபாதை. பழைய சுங்கச்சாவடியில் தொடங்கி, காவல் கோபுரம், கல்பாலம், இடிந்த கோட்டை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். 'முதியோரும் சிரமமின்றி நடக்கலாம்' என்று வாசலில் எழுதியிருந்தது. யாரிடமும் வழி கேட்காமல் தனியாகச் சுற்றி வந்துவிட்டால் சாவி அவளுக்கு. கேட்டால், மகன் வீட்டுப் பின்னறை. அவளுடைய கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டு, மகன் சுங்கச்சாவடிப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

"முதியோராம்!" என்று முனகியபடி காவல் கோபுரத்தில் ஏறினாள். உயரத்திலிருந்து பார்த்தால் பாதை தெரியாமலா போகும்?

தெரிந்தது. ஒன்றல்ல, ஐந்தாறு தெரிந்தன. எல்லாமே வளைந்துதான் போயின. மூச்சு வாங்க இறங்கியவள், ஏறிய வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். இப்போது வந்த வழி எது என்பதும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தத் தம்பதி கண்ணில் பட்டார்கள். தலையில் தொப்பி வைத்திருந்த கணவர் கையில் மேசை விரிப்பு அளவுக்கு ஒரு வரைபடம். மனைவி கழுத்தில் கேமரா.

"வழி கேட்கத்தானே கூடாது?" என்று மைக்கம்மா தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். "பின்னாடி நடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அதுவும் அவ்வளவு சுலபமாக இல்லை. பாதை பிரியும் இடத்திலெல்லாம் அவர்கள் நின்றார்கள். தொப்பிக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். மனைவி கேமராவோடு பின்பக்கம் திரும்பி நின்றாள். இவள் மட்டும் சும்மா நின்றால் மானம் போகாதா? ஷூவைக் கழற்றி, அதில் இல்லாத கல்லை உதறினாள். உதறிவிட்டு, ஏதோ ஒரு பக்கம் திரும்பி நின்று இயற்கையை ரசித்தாள். அவர்கள் நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே போனாள்.

கல்பாலம் வந்தது. மைக்கம்மாவுக்குத் தெம்பும் வந்தது. அடுத்த பிரிவில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தை ரசித்தாள். தம்பதி நேராக முட்டைக்கோஸுக்குள் இறங்கினார்கள்.

'குறுக்கு வழி போல. விவரமானவங்கதான்' என்று இவளும் இறங்கினாள்.

"யாரது தோட்டத்துக்குள்ள?"

தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். தம்பதி வேலியைத் தாண்டித் தப்பித்துக்கொள்ள, மைக்கம்மா மாட்டிக்கொண்டாள்.

"வழி தவறிட்டீங்களாம்மா?"

"யாரு சொன்னா? முட்டைக்கோஸ் பாக்க வந்தேன்."

"மிதிச்சுக்கிட்டேவா? பாதை இங்க இல்லம்மா, அதோ அந்த..."

"சொல்லாதீங்க!" மைக்கம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "இன்னும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என் வீடு போயிடும்!"

அவர் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். இவள் கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நடந்தாள். மேலும் நாலு முட்டைக்கோஸ் நசுங்கின.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கண்ணைத் திறங்க! நான் வழி காட்டல. வெளிய போனாப் போதும்!"

நல்லவேளையாக, வேலிக்கு அந்தப் பக்கம் தம்பதி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மறுபடி ஊர்வலம் புறப்பட்டது. கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அதே காவல் கோபுரம்.

"வட்டப் பாதைன்னு சொன்னாங்க. இத்தனை வட்டம்னு சொல்லல," என்று பல்லைக் கடித்தாள். கால் வலித்தது. பயமாகவும் இருந்தது. மகன் நல்லவன்தான், மருமகளும் நல்லவள்தான். ஆனால் அந்தப் பின்னறையில் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட ஒருவரிடம் கேட்க வேண்டும். தன் வீட்டில் அவள் நினைத்தபோது விளக்கைப் போடுவாள், நினைத்தபோது அணைப்பாள். அதை விட்டுக்கொடுக்க முடியாது. கோபுரம் இன்னும் பத்துத் தடவை வந்தாலும் வரட்டும், வாயைத் திறந்து கேட்கப்போவதில்லை.

வழக்கம்போல ஷூவை உதறினாள். உதறிவிட்டு, கோபுரத்தின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அரை மணி நேரத்தில் இடிந்த கோட்டை வந்தது. அதன் மதிலோரமாகவே நடந்தால் சுங்கச்சாவடி. தம்பதி முதலில் டீக்கடைக்குள் நுழைந்தார்கள். உடம்பெல்லாம் மண்ணோடு மைக்கம்மா பின்னால் நுழைந்து, மகன் முன்னால் கையை நீட்டினாள்.

"வந்துட்டேன். எடு சாவியை."

மகன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். எடுத்தவன் வரைபடத்தைப் பார்த்தான், தொப்பிக்காரரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அவங்க பின்னாடியே வந்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்' என்பதைத் தவிர அவள் வேறு பொய் சொல்லிப் பழகவில்லை.

"ஆமா, வந்தேன். அதுக்கென்ன? யார்கிட்டயாவது வழி கேட்டேனா?"

"அப்போ வழி தெரிஞ்சது அவங்களுக்கு. உனக்கில்ல." சாவி மறுபடி சட்டைப்பைக்குள் போனது.

மைக்கம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. "தெரியாதுதான். தெரியாமலே வந்து சேர்ந்தேன் இல்ல? என் வீட்டுக்கும் அப்படியே போய்ச் சேருவேன். குடுடா!"

அதற்குள் கேமராக்காரப் பெண் இரண்டு கையாலும் ஒரு டீயை ஏந்திக்கொண்டு வந்து, மைக்கம்மாவின் முன்னால் பணிவாக வைத்தாள்.

"ரொம்ப நன்றிம்மா! இவர் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டிருந்த வரைபடத்தை நம்பியிருந்தா இன்னும் அங்கேயேதான் சுத்திக்கிட்டிருப்போம். ஒவ்வொரு தடவையும் ஷூவை உதறிட்டு நீங்க எந்தப் பக்கம் திரும்பி நின்னீங்களோ, அதைப் பாத்துத்தான் நாங்க நடந்தோம்!"